வைரத்தின் குற்றமும் அதன் ஒளியும்

மணியிற் குற்றம் காண்பது தமிழர் நெடுங்காலம் பயின்ற கலை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைவீதியைக் காட்டுமிடத்து, வைரத்துக்குரிய குற்றங்கள் நான்கென எண்ணி, அவற்றுக்கு ஏகை, விந்து, களங்கம், காகபாதம் என்று பெயரும் இட்டிருக்கிறது. கீறல், புள்ளி, கறை, காக்கைக் கால் போன்ற கோடு என்று இன்றைய பேச்சில் அவற்றைச் சொல்லலாம். இவை நான்கும் நீங்கிய கல்லுக்கே விலை, ஏனையது கழிவு. வணிகனின் கணக்கு அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

ஆனால் குற்றமுள்ள வைரமே வேண்டும் என்று தேடி அலைகின்ற ஒரு கூட்டம் நமது காலத்தில் உருவாகியிருக்கிறது. பௌதிக ஆராய்ச்சியாளர்களே அவர்கள். வைரத்தின் சாலகத்தில் ஒரு காபன் அணு நிற்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதற்கடுத்த இடத்தில் காபனுக்குப் பதிலாக ஒரு நைதரசன் அணு வந்து அமர்ந்திருக்கிறது. இத்தகைய ஒற்றைக் குற்றத்தின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சினால் அது சிவந்த ஒளியை உமிழும். அந்தச் சிவந்த ஒளி, குற்றத்தினுள் இருக்கும் இலத்திரன்களின் சுழல் நிலையை நமக்கு அறிவிக்கும் தூதாகவும் இருக்கிறது. குவாண்டம் கணிப்பொறி, குவாண்டம் தொடர்பு, மிக நுட்பமான காந்தமானி என்றெல்லாம் பத்திரிகைகளில் அடிபடும் பேச்சுக்களில் ஒரு பகுதி இத்தூதனை நம்பி நிற்பது. தூதனிடமும் ஒரு குறையுண்டு. அவன் குரல் மிகவும் மெலிந்தது. அக்குரலை உரப்பிக்கச் செய்யும் முயற்சியின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம். அதன் முதல் அத்தியாயங்களில் ஒன்று தென்னிந்தியாவில் எழுதப்பட்டது என்பதையும், அதை எழுதிய கைக்கு என்ன கூலி கிடைத்தது என்பதையும் வாசகர் அறிந்திருத்தல் நலம்.

குற்றத்தைப் பயனாக்கும் வித்தை ஊவா மக்களுக்கு முற்றிலும் புதியதன்று. பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக இறங்கி, வெல்லவாய, புத்தல ஊர்களைத் தாண்டிச் சென்றால் ஒக்கம்பிட்டிய வருகிறது. மொனராகலை மாவட்டத்தின் பேர்போன இரத்தினக் குழிகள் அங்கேதான் உள்ளன. குழியின் அடியில் கிடக்கும் 'இல்லம்' என்னும் பரற்படையை அள்ளிக் கூடையில் இட்டு நீரில் அலசினால் நீலக்கல்லும் கோமேதகமும் பிறவும் அகப்படும். இன்னும் தெற்கே, கதிர்காமத்தை அடுத்த ஓரிடத்தில் 2012 இல் வீதி வேலைக்கென வெட்டிக் கொட்டிய மண்ணிலே நீலக்கற்கள் கண்டெடுக்கப்பட்டபோது, ஊரே திரண்டு ஓடிய செய்தியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

நீலக்கல்லோடு சேர்ந்து 'கெவுடா' என்ற ஒரு கல்லும் வரும். பால் கலந்த நீர்போல மங்கிய கல். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இலங்கைக்கு வந்து இந்தக் கல்லை அடிமாட்டு விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். நம்மவர் கழித்துப் போட்டதை அவர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றிச் சென்று உலையில் இட்டு, மாசறு நீலக்கல்லாக உலகச் சந்தையில் விற்றார்கள். மந்திரம் எதுவும் இல்லை. கல்லினுள் தைத்தேனியம் ஒட்சிசனோடு கூடி நுண்ணிய ஊசிகளாக உறைந்து கிடப்பதே அப்பால்நிறத்துக்குக் காரணம். 1,500 பாகை செல்சியசுக்கு மேலே சூடேற்றும்போது ஊசிகள் கரைந்து தைத்தேனிய அணுக்கள் சாலகத்துட் பரவுகின்றன. ஒட்சிசன் குறைந்த உலையில் இரும்பு அணுக்களும் தமது மின்னேற்றத்தை மாற்றிக்கொள்கின்றன. இரும்பும் தைத்தேனியமும் அடுத்தடுத்து நிற்கும் இணைகளே நீல நிறத்தைத் தருவன. இருந்த குற்றம் நீங்கிவிடவில்லை. இடம் மாறி அமைந்தது. அதை அறிந்தவன் செல்வனானான். அறியாதவன் மண்ணை வெட்டிக் கொடுத்தான்.

சிர்க்கோன் கல்லின் கதை இன்னும் விசித்திரமானது. இலங்கைச் சிர்க்கோன்களில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு கலந்திருப்பதுண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை உமிழ்ந்த கதிர்கள் கல்லின் சாலகத்தை உள்ளிருந்தே இடித்துத் தகர்த்திருக்கின்றன. ஹொலன்ட், கொட்பிரீட் என்னும் இருவர் 1955 இல் வெளியிட்ட ஆய்வு இந்த இலங்கைக் கற்களைக் கொண்டே செய்யப்பட்டது. கதிரியக்கத்தால் பளிங்கு எவ்வாறு சிதைகிறது என்பதற்கு அது இன்றும் எடுத்தாளப்படும் ஆய்வு. அக்கல்லைச் சூடேற்றினால் சிதைந்த சாலகம் பெரும்பாலும் மீண்டும் ஒழுங்கு பெறும். கதிர் இடிக்கிறது, வெப்பம் அடுக்குகிறது. இவ்விரண்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், வைரத்தின் கதையில் இவை மீண்டும் வரும். (இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதல் தலைவராக 1903 முதல் 1906 வரை இருந்தவர், கலை வரலாற்றாசிரியராக மட்டும் நாம் கொண்டாடும் ஆனந்த குமாரசுவாமியே. தோரியனைட்டு என்னும் கதிரியக்கக் கனிப்பொருள் 1904 இல் இத்தீவில் கண்டறியப்பட்டதில் அவருக்குப் பெரும்பங்குண்டு. சிற்பத்துக்குப் போகுமுன் அவர் கல்லைக் கல்லாகவே படித்தவர்.)

வைரச் சுரங்கம் இலங்கையில் இல்லை. 'மாத்தறை வைரம்' என்று ஒருகாலத்தில் விற்கப்பட்டது நிறமற்ற சிர்க்கோன்தான். ஆகவே வைரத்தைத் தேடி நாம் கடல் கடந்து பெங்களூர் போகவேண்டும்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன் 1933 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவராகச் சென்றார். வைரத்தின்பால் அவருக்கு இருந்த மோகம் ஊரறிந்தது. 1930 இலேயே அவருடைய தம்பி சி. இராமசுவாமி வைரத்தின் இராமன் நிறமாலையைப் பதிவுசெய்திருந்தார். காபன் என்னும் ஒரே மூலகம் எளிமையான ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்ட பளிங்கு இது. இதை முழுதும் விளங்கிக்கொண்டால் திண்பொருள் அனைத்தையும் விளங்கிக்கொள்ளலாம் என்பது ராமனின் நம்பிக்கை. இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்த ஏறத்தாழ 300 வைரங்களை அவர் சேர்த்துவைத்திருந்தார். 1940களின் முற்பகுதியில் அவருடைய ஆய்வுகூடம் முழுவதுமே வைரமயமாயிற்று. பி. ஜி. என். நாயர் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தார். பின்னாளிற் புரத மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டு உலகப் புகழ் பெற்ற ஜி. என். இராமச்சந்திரன், அந்நாளில் எக்ஸ் கதிர் கொண்டு வைரங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கிடையே ஒரு பெண்ணும் இருந்தார். பெயர் அன்னா மாணி.

இவர் பீர்மேட்டில் 1918 ஆகஸ்ட் 23 ஆம் திகதி பிறந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையிலே தேயிலையும் ஏலமும் விளையும் பீர்மேட்டுக்கும் நமது ஊவா மலைகளுக்கும் உறவு தூரமானதன்று. அங்கும் கொழுந்து பறித்த கைகள் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய கைகளே. ஆயினும் அன்னா மாணி லயத்துப் பிள்ளை அல்லர். ஏலத் தோட்டங்களுக்கு உரிமையாளரான ஒரு பொறியியலாளரின் மகள். எட்டாவது பிறந்தநாளில் பெண்பிள்ளைக்கு வைரத்தோடு கொடுப்பது அவருடைய வீட்டு வழக்கம். இந்தப் பிள்ளை தோடு வேண்டாம் என்று சொல்லி ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். காதில் மறுத்த வைரத்தைப் பின்னர் ஐந்தாண்டுகள் கண்ணெதிரே வைத்திருக்க நேர்ந்தது ஒரு வேடிக்கை.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939 இல் சிறப்புப் பட்டம் பெற்று, 1940 இல் உதவிச் சம்பளத்துடன் பெங்களூர் சேர்ந்தார். முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வு, உறிஞ்சல், இராமன் சிதறல் ஆகியவற்றின் நிறமாலைகளைப் பதிவுசெய்வது அவருடைய பணி. சொல்வதற்கு எளிது. வைரத்தைத் திரவ வளியால் குளிர்விக்க வேண்டும். அது சுண்டிவிடாமல் மீண்டும் மீண்டும் ஊற்ற வேண்டும். வைரத்தின் ஒளி மிக மெலிந்தது. புகைப்படத் தகட்டிலே அது பதிவதற்குப் பதினைந்து மணிநேரம், சிலவேளை இருபது மணிநேரம் வேண்டும். ஒருமுறை கதவு தவறித் திறந்தால் இரவு முழுவதும் செய்த வேலை வீண். அன்னா மாணி இராமுழுதும் ஆய்வுகூடத்திற் கழித்த நாட்கள் பல. பெண்களை ஆய்வுகூடத்திற் சேர்ப்பதில் ராமனுக்கு இருந்த தயக்கமும், ஆண்களும் பெண்களும் கலந்து பேசுவதில் அவர் காட்டிய கண்டிப்பும் எழுத்திலே பதிந்தவை. 1933 இல் கமலா சோகனி இதே கழகத்தில் இடம் பெறுவதற்கு எத்தனை பாடுபட்டார் என்பதையும் நாம் அறிவோம். தகட்டைச் சுற்றியிருந்த இருளிலே அந்தப் பெண் தனியாகவே வேலை செய்தார் என்று கொள்ளலாம்.

அத்தகடுகளில் அவர் கண்டது என்ன? நீலமாக ஒளிரும் வைரங்களில் 4152 அங்ஸ்ட்ரம் அலைநீளத்தில் ஒரு கூர்மையான கோடு. பச்சையாக ஒளிர்வனவற்றில் 5032 இல் இன்னொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்திலே, நீண்ட அலைநீளத் திசையில், அகன்று பரவிய பட்டைகள். உறிஞ்சல் நிறமாலையை எடுத்தபோது அதே கோடு அதே இடத்தில் நின்றது. ஆனால் பட்டைகள் எதிர்த்திசையில், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல அமைந்தன. கோடு இலத்திரனின் தாவலால் மட்டும் ஆனது. பட்டைகள் இலத்திரன் தாவும் வேளையில் சாலகமும் அதிர்ந்து, ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் ஆனவை. கூரிய கோட்டுக்கும் அகன்ற பட்டைக்கும் உள்ள இந்தப் பங்கீடுதான் இன்று உலகெங்கும் உள்ள குவாண்டம் ஆய்வுகூடங்களின் தலைவலி. எண்பது ஆண்டுகளுக்கு முன் திரவ வளியும் புகைப்படத் தகடும் மட்டும் கொண்டு பெங்களூரில் அது துல்லியமாக அளக்கப்பட்டிருந்தது.

1942 க்கும் 1945 க்கும் இடையில் வைரத்தையும் மாணிக்கத்தையும் பற்றி ஐந்து கட்டுரைகளைத் தமது தனிப்பெயரிலேயே அன்னா மாணி வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். பெங்களூரில் நடக்கும் ஆராய்ச்சிக்கு அந்நாளில் பட்டம் வழங்கியது சென்னையே. முதுமாணிப் பட்டம் இல்லாதவர் என்ற காரணத்தால் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. சிறப்புப் பட்டத்தின் தகுதியிலேயே அவரை ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை.

நமது தோட்டங்களிலே 'பேர்' என்றால் என்ன என்பதை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. நாள் முழுவதும் மலையேறிப் பறித்த கொழுந்து, நிறுவையில் ஓர் இறாத்தல் குறைந்தால் செக்றோலில் விழுவது அரைப் பேர். அன்னா மாணியின் கொழுந்து குறையவில்லை. ஐந்து கட்டுரைகள் நிறுத்துக் கொடுத்தாயிற்று. கூடை சரியில்லை என்று பேரையே வெட்டினார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்றும், பட்டம் இல்லாமையால் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று முதுமையிற் கூறினார் என்றும் அவரைக் கண்டு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது அவருடைய பெருந்தன்மை. ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தை அந்தப் பெருந்தன்மை கொண்டு நேர்செய்துவிட முடியாது. பௌதிகம் படிக்க விரும்பி இங்கிலாந்து சென்றவருக்கு அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகளிற் பயிற்சி. 1948 இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையிற் சேர்ந்தார். கருவிகளை உள்நாட்டிலேயே செய்விக்க வழிகோலினார். ஞாயிற்றுக் கதிர்வீச்சையும் ஓசோனையும் அளந்தார். 1976 இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 2001 ஆகஸ்ட் 16 இல் திருவனந்தபுரத்திற் காலமானார். பட்டம் பெறாத அந்த ஆய்வேடு, பட்டம் பெற்ற ஏனைய ஏடுகளோடு ஒரேமாதிரிக் கட்டடம் செய்யப்பட்டு, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் வைக்கப்பட்டது.

அளவு சரி, ஆனால் ராமன் அதற்குக் கூறிய விளக்கம் சரியன்று. ஒளிர்வு வைரத்தின் கட்டமைப்பிலேயே இயல்பாக அமைந்தது, வெளியிலிருந்து புகுந்த மாசுக்கு அதில் வேலையில்லை என்பது அவர் கட்சி. வைரம் நான்கு வகையான கட்டமைப்புடையது என்றும் வாதித்தார். இலண்டனில் கத்லீன் லொன்ஸ்டேலோடு இதுபற்றி நடந்த விவாதம் காரமானது. ராமனுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: மாசைக் கண்டுபிடிக்கும் திறன் அன்றைய இரசாயனத்துக்கு இருக்கவில்லை. அதன் விடை 1959 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. கைசர், பொண்ட் என்போர் வைரத்தை எரித்து வெளிவந்த வாயுவைச் சோதித்து, பெரும்பாலான இயற்கை வைரங்களில் நைதரசன் இருப்பதைக் காட்டினார்கள். சிலவற்றில் அது நூற்றுக்கு 0.2 பங்குவரை இருந்தது. அன்னா மாணியின் 4152 கோடு, மூன்று நைதரசன் அணுக்கள் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்த குற்றத்துக்கு உரியது. 5032 கோடு, வெற்றிடத்தின் இருபுறமும் நைதரசன் நிற்கும் குற்றத்துக்கு உரியது என்று பிற்பாடு தெளிவாயிற்று. தத்துவம் உதிர்ந்தது, அந்தப் பெண் இரவில் எடுத்த கோடுகளின் இடம் மாறவில்லை.

நாம் தொடக்கத்தில் கூறிய, ஒரே நைதரசனும் ஒரே வெற்றிடமும் கூடிய குற்றம் இவற்றுக்குத் தங்கை. 1965 இல் தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் டு ப்ரீ என்பவர், கதிரால் தாக்கிய வைரங்களைச் சூடேற்றியபோது 637 நனோமீற்றரில் ஒரு புதுக் கோடு தோன்றக் கண்டார். கதிர் சில காபன் அணுக்களை இடம்பெயர்த்து வெற்றிடங்களை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 800 பாகைச் சூட்டில் வெற்றிடங்கள் சாலகத்துள் நகரத் தொடங்கி, நைதரசனைக் கண்ட இடத்தில் நின்றுவிடுகின்றன. இலங்கைச் சிர்க்கோனில் இயற்கை செய்த இடிப்பையும், கெவுடாக் கல்லில் உலை செய்த அடுக்கலையும் இங்கே ஒருசேரக் காண்கிறோம்.

இக்குற்றம் ஓர் இலத்திரனை மேலதிகமாகப் பெற்று எதிர் மின்னேற்றத்தோடு இருக்கையில், அதன் இலத்திரன்களின் கூட்டுச் சுழல் மூன்று நிலைகளை எடுக்கும். ஒரு நிலையில் அது பளிச்சென்று ஒளிரும். மற்ற இரண்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு மங்கி ஒளிரும். 2.87 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலையால் ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தள்ளவும் கூடும். இவை அனைத்தும் சாதாரண அறை வெப்பத்திலேயே நிகழ்கின்றன. 1997 இல் ஜெர்மனியில் குரூபர், விராக்ட்ரப் முதலியோர் இத்தகைய தனியொரு குற்றத்தை நுணுக்குக்காட்டியிற் பிடித்து, அதன் சுழலை ஒளியால் வாசித்தார்கள். 2009 இல் கோபாலகிருஷ்ணன் பாலசுப்பிரமணியன் முதலாசிரியராக நின்ற கட்டுரை, காபன் 13 நீக்கிய தூய வைரத்தில் அச்சுழல் 1.8 மில்லிசெக்கன் வரை குலையாது நிற்கும் என்று காட்டியது. அணு உலகில் இது நெடுங்காலம்.

எல்லாம் நன்று, ஒளி மட்டும் போதாது. ஒருமுறை சுழலை வாசிக்கும்போது கருவியிற் சேரும் ஒளித்துகள் சராசரியில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே அதே சோதனையை ஆயிரக்கணக்கான தடவை திருப்பிச் செய்து சராசரி காணவேண்டியிருக்கிறது. இந்த வறுமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது காரணம் வைரம் வைரமாக இருப்பதே. அதன் முறிவுச் சுட்டி 2.4. உள்ளிருந்து வரும் ஒளி மேற்பரப்பை ஏறத்தாழ 25 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் அடைந்தால் முழு அகத்தெறிப்பாகி மீண்டும் உள்ளே போய்விடும். வைரத்துக்குப் பட்டை தீட்டுபவன் இதைக் கொண்டே அதனைச் சுடர்விடச் செய்கிறான். ஆராய்ச்சியாளனுக்கோ இதுவே சிறை. தட்டையான முகத்தின் வழியே வெளிவருவது நூற்றுக்கு நான்கைந்து பங்கே. இதற்கு மாற்றாகக் குற்றத்தை நடுவில் வைத்து, வைரத்தின் மேற்பரப்பையே அரைக்கோளமாகச் செதுக்கினார்கள். எந்தக் கதிரும் முகத்தை நேராகவே சந்திக்கும். 2010 இல் இது நுட்பமாகச் செய்யப்பட்டது. அதே ஆண்டில் ஹார்வர்டில் வைரத்தை மெல்லிய கம்பிகளாகச் செதுக்கி, ஒளியை ஒரு திசையில் வழிநடத்தி, பத்து மடங்கு கூட்டினார்கள்.

இரண்டாவது, அன்னா மாணி கண்ட அந்தப் பங்கீடு. இக்குற்றம் உமிழும் ஒளியில் கூரிய கோட்டுக்குச் சேர்வது நூற்றுக்கு மூன்று பங்களவே. எஞ்சியது அதிர்வுப் பட்டையிற் போய்விடும். காந்தமானிக்குப் பட்டையும் உதவும். தூரத்திலுள்ள இரு குற்றங்களை ஒளியாற் பிணைப்பதற்கோ ஒன்றையொன்று அப்படியே ஒத்த ஒளித்துகள்கள் வேண்டும். கோட்டிலிருந்து வருவது மட்டுமே அதற்குதவும். சாலகத்தின் குணத்தை மாற்ற முடியாதே, பின் என்ன செய்வது? இங்குதான் 1946 இல் எட்வர்ட் பேர்செல் எழுதிய சிறு குறிப்பொன்று கைகொடுத்தது. ஓர் அணு எவ்வளவு விரைவில் ஒளியை உமிழும் என்பது அணுவுக்கு மட்டுமே உரிய குணமன்று, அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது என்று அவர் காட்டினார். ஒளி நெடுநேரம் எதிரொலித்து நிற்கும் மிகச் சிறிய ஓர் அறையை வைரத்திற் செதுக்கி, அவ்வறையின் சுருதியை 637 நனோமீற்றருக்கு இசைத்துவிட்டால், குற்றம் கோட்டின் வழியே மிகுதியாக உமிழத் தொடங்கும். பராவோன் முதலியோர் 2011 இல் இதைச் செய்துகாட்டினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கோட்டின் உமிழ்வு வேகம் பல பத்து மடங்காயிற்று. நோபல் பரிசை வேறொன்றுக்காகப் பெற்ற பேர்செலின் இந்தக் குறிப்பு, அச்சில் அரைப் பக்கத்தையும் நிரப்பாதது.

மூன்றாவது இடைஞ்சல், செதுக்கும் கையிலிருந்தே வருகிறது. அறையைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் குற்றம் மேற்பரப்பை நெருங்குகிறது. செதுக்கிய மேற்பரப்பில் அலையும் மின்னேற்றங்கள் அருகே வந்து போகும்போது கோடு தன் இடத்தில் நில்லாமல் தள்ளாடுகிறது. நைதரசனை விட்டுச் சிலிக்கன் வெற்றிடத்துக்குச் சிலர் தாவியது இதனாலேயே. சிலிக்கன் அணு இரு வெற்றிடங்களுக்கு நடுவே சமச்சீராக நிற்பதால் அலையும் மின்புலம் அதை எளிதில் அசைப்பதில்லை. ஒளியிலும் நூற்றுக்கு எழுபது பங்குவரை கோட்டிலேயே வருகிறது. ஆனால் சுழலைக் காக்க வேண்டுமாயின் தனிப்பூச்சியத்திலிருந்து பத்திலொரு பாகைக்கும் கீழே குளிரவைக்க வேண்டும். ஓரிடத்திற் கிடைத்த இலாபத்தை இன்னோரிடத்தில் வரியாகக் கட்டும் கதை.

ஒளி வறுமையின் அளவை அறிய ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2015 இல் ஹொலாந்தின் டெல்ப்ட் நகரில் 1.3 கிலோமீற்றர் இடைவெளியில் இரு வைரங்களை வைத்து, ஐன்ஸ்டீன் காலந்தொட்டு நடந்த ஒரு பெரும் வாதத்துக்கு முடிவுகட்டும் சோதனையைச் செய்தார்கள். 220 மணிநேரம் கருவி ஓடியது. கிடைத்த தரவுகள் 245. மணிக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம். ஒரு தகட்டுக்காக இருபது மணிநேரம் காத்திருந்த பெங்களூர் இரவுகளை நினைத்துக்கொண்டால், பொறுமை என்னும் மூலதனம் இத்துறையிற் குறையவில்லை என்பது தெரியும். 2024 இல் அதே ஹொலாந்துக் குழுவினர் டெல்ப்ட்டையும் ஹேக் நகரையும் 25 கிலோமீற்றர் ஒளியிழையாற் பிணைத்தார்கள். அவ்வாண்டிலேயே ஹார்வர்டினர் சிலிக்கன் வெற்றிடத்தைக் கொண்டு பொஸ்டன் நகரைச் சுற்றிய 35 கிலோமீற்றர் இழையிற் பிணைப்பைக் காட்டினார்கள்.

வைரம் ஒன்றுதான் என்றில்லை. பௌதிகத்தின் பார்வையில் வைரமும் ஒரு குறைகடத்தியே. அதன் பட்டையிடைவெளி மிக அகன்றது. கவ்வாத்துக் கத்தி தீட்டும் காபரண்டக் கல்லில் உள்ள சிலிக்கன் காபைட்டும் அவ்வினத்தைச் சேர்ந்தது. மின்னோட்டம் பாய்ச்சினால் அக்கல் ஒளிர்வதை ரவுண்ட் என்பவர் 1907 இலேயே கண்டு எழுதினார். அதனுள்ளும் சுழலுடைய வெற்றிடக் குற்றங்கள் உண்டு, அவையும் அறை வெப்பத்தில் ஆட்டுவித்தபடி ஆடும் என்று 2011 இல் தெளிவாயிற்று. தொழிற்சாலைகள் ஏற்கெனவே பெருந்தட்டுகளாக வார்க்கும் பொருளாதலால் அதன்மேல் பலருக்கு ஆசை. 2020 இல் போரன் நைதரைட்டு என்னும் தகட்டுப் பளிங்கிலும் இத்தகைய குற்றம் ஒன்று உறுதியாயிற்று. அதன் ஒளி இவை யாவற்றிலும் மங்கியது. பொன் தகட்டின் மீது வைத்து, பொன்னின் இலத்திரன் அலைகளால் அதை உரப்பிக்கப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபா மதிப்பில் தேசியக் குவாண்டம் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆய்வுகூட வைரங்களுக்கென ஐந்தாண்டுகளுக்கு 242 கோடிக்கு மேல் ஒதுக்கி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு மையத்தை நிறுவ முடிவாயிற்று. 1945 இல் வைரத்தைப் பற்றிய ஓர் ஆய்வேட்டைத் திருப்பிவிட்ட அதே சென்னையிலேயே இன்று வைரம் வளர்க்கும் உலை எரிகிறது. வாயுவிலிருந்து படலம் படலமாக வைரத்தை வளர்க்கும்போது எவ்வளவு நைதரசனை உள்ளே விடுவது என்பது இத்தொழிலிற் கடினமான கணக்கு. மிகுந்தால் ஒன்றன் சுழலை மற்றது குலைக்கும். குறைந்தால் நுணுக்குக்காட்டியில் ஒன்றும் தென்படாது. கோடியில் ஒரு பங்கு, நூறுகோடியில் ஒரு பங்கு என்று குற்றத்தை அளந்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.